அதே நம்பரிலிருந்து வந்த இரண்டாவது அழைப்பு

சில வருடங்களுக்கு முன், நான் பங்காருபேட்டையில் பி.எட். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கற்பித்தல் பயிற்சிக்காக என்னை மாரிகுப்பத்தில் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஏழாம் வகுப்புக்கு அறிவியல்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியில் எதற்கெடுத்தாலும் டிஜிட்டல்தான். கணக்கோ, மொழியோ, சமூக அறிவியலோ, யார் எந்தப் பாடம் எடுத்தாலும் ஒரு பகுதியைப் போன் வழியாக நடத்திக் காட்ட வேண்டும். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, சின்னச் சின்ன வீடியோ அனுப்பி, பிள்ளைகள் புரிந்துகொண்டதை மறுநாளே அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வாங்க வேண்டும். அதற்குத் தனி மார்க். போன் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "வீட்டுக்கு ஒரு போன்கூடவாம்மா இருக்காது?" என்றார் விரிவுரையாளர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் வகுப்பில் இருந்த ஒரு சிறுமியின் வீட்டிலும் ஒரு போன் இருந்தது. ஆனால் அது தினமும் காலை ரயிலில் அவள் அப்பாவோடு பெங்களூர் போய்விட்டு, இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். அவர் அங்கே ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். அவர்கள் இருந்த லைன் வீட்டில், பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், நெட் சிக்னல் சரியாக வராது. அதனால் என் வீடியோக்களை வேலை செய்யும் இடத்திலேயே இறக்கி வைத்துக்கொண்டு வந்து மகளுக்குப் போட்டுக் காட்டுவார். அவள் பேசுவதைப் பதிவு செய்து வைத்து, மறுநாள் ரயிலில் போகும்போது சிக்னல் கிடைத்ததும் எனக்கு அனுப்புவார். அனுப்பிய கையோடு ஒரு போன் வரும். "மேடம், பாப்பா பேசினது வந்துச்சா? இன்னா மேடம், கரெக்டா சொல்லிட்டாளா?"

அவரை நான் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம். 'அண்ணா' என்று கூப்பிடுவேன்.

அன்று காலையும் வந்தது. தாவரங்கள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்று அவள் பேசியிருந்தாள். நடுவில் ஒரு வார்த்தை வராமல் திணற, "பச்சையம், பச்சையம்" என்று அப்பா ரகசியமாக எடுத்துக் கொடுப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டு முடிப்பதற்குள் அவரே அழைத்தார். "வந்துச்சுண்ணா, நல்லா பேசியிருக்கா" என்றேன். ஒரே காற்று இரைச்சல். "சரி மேடம், வெச்சிடறேன். கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

நான் பள்ளி வாசலை அடைந்தபோது மறுபடியும் அதே நம்பர். "சொல்லுங்கண்ணா" என்று எடுத்தேன். வேறு யாரோ கன்னடத்தில் பேசினார். ரயில்வே போலீஸ். இந்தப் போனில் கடைசியாகப் பேசியது உங்களோடுதான், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். உறவில்லை, அவர் மகளின் டீச்சர் என்றேன். பிறகு சொன்னார். மாலூர் தாண்டி, கூட்டத்தில் அந்த ஆள் ரயிலிலிருந்து விழுந்துவிட்டார். உயிர் இல்லை. போன் கதவோரமாகப் பெட்டிக்குள்ளேயே விழுந்து கிடந்ததாம். ஒரு பயணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குச் சொல்ல வேறு நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

வேறு நம்பர் ஏது? அந்த வீட்டுக்கு இருந்த ஒரே போன் அவர் கையில்தான் இருந்தது.

தலைமை ஆசிரியை அறைக்கு ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டதும், வீட்டுக்கு நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் என்னோடு கிளம்பினார். நாங்கள் வெளியே வரும்போது பிரேயருக்கு வரிசையில் நின்றிருந்த அந்தச் சிறுமி என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

"மிஸ், அப்பா அனுப்புனாரா? நான் பேசினது கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. நல்லா இருந்துச்சு" என்றேன். அவள் சந்தோஷமாக வரிசைக்குத் திரும்பிப் போனாள்.

நாங்கள் போனபோது அவள் அம்மா வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னா மிஸ், பாப்பா எதனா தப்பு பண்ணிட்டாளா?"

தலைமை ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த அம்மா அழவில்லை. நம்பவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு போன் போடுங்க மிஸ். உங்க நம்பர்னா உடனே எடுப்பாரு" என்றார்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை. "போடுங்க மிஸ்" என்று என் கையைப் போனோடு சேர்த்துப் பிடித்தார். போட்டேன். மணி அடித்தது. எடுத்தார்கள். அந்தப் போலீஸ்காரரின் குரலைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா அப்படியே தரையில் சரிந்தார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு நாள், அந்த அம்மா மகளோடு என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த போன் வேலை செய்யவில்லையாம். "அவரு குரல் உங்ககிட்ட இருக்குமில்ல மிஸ்?" என்று கேட்டார். ஆளில்லாத வகுப்பறையில் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். 'பச்சையம்' வந்த இடத்தில் சிறுமி தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அம்மா, "இன்னொரு வாட்டி போடுங்க" என்றார்.

பயிற்சி முடிந்து அறிக்கை கொடுக்கும் சமயம், அந்தப் பதிவையும் சேர்க்கச் சொன்னார் விரிவுரையாளர். குடும்பமே சேர்ந்து படித்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்றார். கெட்ட மனிதர் இல்லை. நெகிழ்ந்துபோய்த்தான் சொன்னார். முடியாது சார் என்றேன். மார்க் குறையும் என்றார். குறைந்தது.

இன்று நானும் ஒரு பள்ளியில் ஆசிரியை. போன் வழியாகப் பாடம் அனுப்புவதை விடவில்லை. அதனால் பிள்ளைகளுக்கு நன்மை இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால் வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டுப் போன் பகலில் யாரிடம் இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் குரூப் தொடங்குகிறேன். மறுநாளே பதில் வேண்டும் என்று யாரிடமும் சொல்வதில்லை. அன்றைக்கு அந்த அண்ணன் கூட்டத்தில் இடமில்லாமல் கதவோரம் நின்றாரா, சிக்னலுக்காக நின்றாரா என்பதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இனியும் வரப்போவதில்லை.