கணக்கில் வராத ஞாயிறுகள்

இயந்திர எண்ணெய் வாசனையும் குளியல் சோப்பு வாசனையும் கலந்து, அதன் மேல் லேசாகக் கிராம்பு வாசனை ஏறினால் அது தவக்காலம் என்று எங்கள் வீட்டில் காலண்டரைப் பார்க்காமலே தெரிந்துகொள்வோம். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிய என் அப்பா, நான் 'நைனா' என்று கூப்பிட்டவர், வருஷத்தின் மற்ற நாட்களில் என்ன வாசனையோடு கொரட்டூர் வீட்டுக்கு வந்துசேர்ந்தார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டாரென்றால் ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டார். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். நாக்கு கேட்கும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் கடித்துக்கொள்வார்.

ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாள் நோன்பில் ஆளுக்கொன்றை விடுவதற்கு 'ஒறுத்தல்' என்று பெயர். அம்மா தலையில் பூ வைப்பதை விட்டாள். நான் நகம் கடிப்பதை விட்டேன், அதாவது விடப் பார்த்தேன். வேலை முடிந்து வந்ததும் நைனா "கைய காட்டு" என்று என் பத்து விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பதிலுக்கு நான் "ஊது நைனா" என்பேன், அவரும் குனிந்து என் முகத்துக்கு நேராக ஊதுவார். இரண்டு பேருமே கெட்ட பழக்கத்துக்காரர்கள் என்பதால் எங்களுக்குள் ஒரு ஒற்றுமை இருந்தது. அந்த நாட்களில் அவர் வீட்டுப்பாடம் கேட்பார், ஏரிக்கரை வரை நடக்கக் கூட்டிப்போவார், அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஊரெல்லாம் ஈஸ்டருக்குக் காத்திருக்கும், நானும் அம்மாவும் மட்டும் அது வந்துவிடுமே என்று பயந்துகொண்டிருப்போம்.

எனக்குப் பதினொரு வயதான அந்த வருஷம் மட்டும் கொஞ்சம் வேறுமாதிரி இருந்தது. லீவு போட்டுப் போட்டு வேலையே போகும் நிலைமை, அடுத்த தடவை எச்சரிக்கை இல்லை, நேராக வெளியேதான் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். ஏரிக்கரையில் நடக்கும்போது நைனா திடீரென்று, "இந்த வாட்டி ஈஸ்டருக்கு அப்பாலயும் வுட்டுப் பாக்கலாம்னு கீறேன், உங்கம்மா கையில சொல்லிடாத," என்றார். நான் அன்றே அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று அவருக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்தாள்.

நான் படிப்பில் கெட்டிக்காரி, அதைவிட அதைக் காட்டிக்கொள்வதில் கெட்டிக்காரி. ஞாயிறு பூசைக்குப் பிறகு நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று, "அக்கா, நாப்பது நாள்னு சொல்றீங்க, நான் எண்ணிப் பாத்தேன், நாப்பத்தாறு வருதே?" என்று கேட்டேன். பாடம் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், விழா நாள், ஆகவே ஆறு ஞாயிறும் கணக்கில் சேராது என்று விளக்கி, எல்லோரையும் எனக்குக் கைதட்டச் சொன்னார்.

கைதட்டல் காதிலிருந்து போகுமுன் வீட்டுக்கு ஓடிவந்து, மூவரும் சாப்பிட உட்கார்ந்ததும் அதை அப்படியே ஒப்பித்தேன். அம்மா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, "சோத்தப் பாத்து துண்ணு, வாய மூடு," என்றாள். அம்மாவுக்கு என் அறிவைக் கண்டு பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நைனா கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்து, "இன்னாம்மா சொன்ன? இன்னொரு தபா சொல்லு," என்றார். நான் இன்னும் சத்தமாக, ஆறு விரலை விரித்துக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை ஒறுத்தல் கணக்கிலேயே வராது என்றேன். "அப்பிடிப் போடு," என்று அவர் சிரித்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி சைக்கிளை எடுத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். நான் ஊதச் சொல்லவில்லை, வாசற்படியிலேயே தெரிந்துவிட்டது. "இன்னிக்கி கணக்குல வராதுல்ல, எம் பொண்ணே சொல்லிட்டா," என்று என் தலையைத் தடவினார். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

திங்களன்று அவர் ஒழுங்காகத்தான் வேலைக்குப் போனார். அடுத்த ஞாயிறும் குடித்தார், திங்கள் காலை அரைமணி தாமதமாக எழுந்தார். அதற்கடுத்த திங்கள் எழுந்திருக்கவே இல்லை. நடுவில் ஒரு நாள் என்னை ரகசியமாகக் கூப்பிட்டு, "வேற எந்த நாள்லாம் கணக்குல வராதுன்னு அந்த அக்காவ கேட்டுகினு வா," என்றார். அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. போய்க் கேட்காமலே, வேறு எதுவும் கிடையாதாம் என்று பொய் சொன்னேன். அதற்குள் அவருக்கு யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. ஈஸ்டருக்கு முன்பே வேலை போய்விட்டது, நானும் நகத்தைச் சதை தெரியக் கடித்து வைத்திருந்தேன்.

மறு வருஷம் சாம்பல் புதனன்று நானும் அம்மாவும்தான் கோயிலுக்குப் போனோம். குளித்துச் சட்டை மாட்டிய நைனா கடைசி நிமிஷத்தில் தலைவலி என்று படுத்துக்கொண்டார், அதோடு சரி. வருஷத்தில் நாற்பது நாளாவது எங்களுக்கென்று இருந்த அந்த மனிதர் பிறகு வரவே இல்லை. நான் கல்லூரி முடிக்குமுன் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எதையும் இருபத்தோரு நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று அங்கே வகுப்பெடுக்கிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நைனா லேத் ஓட்டிய இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது, தொழிற்சாலைச் சங்கு ஊதுவதும் நின்றுபோயிற்று, ஏரிக்கரையில் நாங்கள் நடந்த மண்பாதையும் இல்லை. என் மனசில் இருந்த குற்றவுணர்ச்சி மட்டும் போகவில்லை. சென்ற தவக்காலத்தில், என்னோடு இருக்கும் அம்மாவிடம், அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நைனா பிழைத்திருப்பாரோ என்று முதன்முறையாகக் கேட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "ஞாயித்துக்கெழம கணக்குல வராதுன்னு எனக்கு சின்ன வயசுலயே தெரியும்டி," என்றாள். "பதிமூணு வருசம் அவரு காதுல உழாம பாத்துகினு இருந்தேன். பிரசங்கத்துல சாமியாரு அந்தப் பேச்ச எடுத்தா போதும், மடியில இருந்த உன்ன நறுக்குனு கிள்ளி அழ வெச்சி, வெளிய தூக்கிகினு போன்னு அவரு கையில குடுத்துருவேன்."