பத்தொன்பது சாட்சிகள்

எஸ்தர் என் அண்ணன் மகள். அண்ணன் வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்ததால் எங்கள் வீட்டுப் பேர்களுக்கு நடுவே இவள் பேர் மட்டும் எஸ்தர். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஊரூர் குப்பத்திலேயே. பத்தொன்பது வயதில் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்குத் தரை துடைக்கப் போனாள். அங்கிருந்த பெரிய டாக்டர், ரத்தம் எடுப்பதை இவள் பார்க்கிற பார்வையைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு ஊசியைக் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம். பச்சைக் குழந்தைக்கும், நரம்பே தெரியாத கிழங்களுக்கும் அவள்தான் ரத்தம் எடுத்தாள். நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே "எஸ்தரம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். பெரிய டாக்டர் போய்ச் சேர்ந்தார், லேப் கை மாறியது. புதிதாக வந்தவர்கள் சான்றிதழ் கேட்டார்கள். அவளிடம் ஏது? வேலையை விட்டு அனுப்பவில்லை. ரத்தக் குப்பிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "அத்த, நம்ம பொண்ணுங்களுக்கு இந்த கெதி வரக்கூடாது. ஊசிக்கு முன்னாடி காயிதம் வாங்கிடணும்" என்றாள்.

குப்பத்தில் பன்னிரண்டாவது முடித்த ஆறு பெண்களுக்கு, சமுதாயக் கூடத்து மாடி அறையில், ஆறு மாத வகுப்பு நடத்துவது என்று இறங்கினாள். ரத்தம் எடுக்கும் படிப்புக்கு பிளபாட்டமி என்று பேராம். அதற்கு அங்கீகாரம் கொடுக்கிற ஆபீஸ் அசோக் நகர்ப் பக்கம் இருந்தது. ஒன்றரை வருஷம் நடந்தாள். ஒரு தடவை கட்டடப் பத்திரம் இல்லை என்றார்கள், ஒரு தடவை தீயணைப்புச் சான்று. பாடம் சொல்ல ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தாள். லேபில் பாதிநாள் லீவு போட்டுவிட்டு, வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் வருவாள்.

அந்த ஆறு பேரில் அஸ்வினி என் கொழுந்தன் பாண்டுரங்கனின் பேத்தி. சான்றிதழோடு வந்தால் வேலை தருகிறோம் என்று மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் எல்லாரையும்விட அவளுக்குத்தான் அவசரம்.

"மிஸ், என் கையிலயே நான் குத்திப் பாக்கறேனே?" என்பாள்.

"கைய மடக்குடி. அங்கீகாரம் வர்ற வரிக்கும் மனுசங்க மேல ஊசி படக்கூடாது. அது சட்டம். ரப்பர் கை கீதில்ல, அதுல குத்து" என்பாள் எஸ்தர்.

அந்த விஷயத்தில் அவள் நெருப்பு மாதிரி இருந்தாள். ஒரு ஆள் மேல், ஒரு தடவைகூட ஊசி பட்டதில்லை.

கடைசியில், பார்வையிட வருகிறோம் என்று தேதி கொடுத்தார்கள். எஸ்தர் என்னிடம்தான் முதலில் சொன்னாள். யாருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். ஃபைலோடு ஆபீசர் வந்தால், எங்கள் ஆளைத் தனியாக விடமாட்டோம். கடல் உள்ளே வந்த வருஷம், படகு போனவர்களிடம் நஷ்டஈடு கேட்கக் காகிதம் இல்லை. "இவன் படகு போனத நான் பாத்தேன்" என்று பத்துப் பேர் நின்று சொன்னோம். பார்க்காதவர்களும் சொன்னோம். படகு நிஜமாகவே போயிருந்தது, அதனால் அது பொய் என்று யாருக்கும் படவில்லை. ஒருத்தர் வாய் திறந்தால் மற்றவர்கள் ஆமாம் போட வேண்டும், அவ்வளவுதான்.

நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அன்றைக்குக் காலையில் மாடிப்படிக்குக் கீழே பத்தொன்பது பேர் நின்றோம்.

பரத்வாஜ் என்று ஒரு அதிகாரி, கூட எழுதிக்கொள்ள ஒரு பெண். அவர் நல்ல மாதிரி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். ரப்பர் கையைப் பார்த்தார், குத்தி முடித்த ஊசியைப் போடும் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார், பெண்களைக் கேள்வி கேட்டார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று எஸ்தரிடம் அவர் சொன்னது கீழே எங்கள் காதில் விழுந்தது. இறங்கி வந்தவர் எங்களைப் பார்த்து, "இவங்கல்லாம் யாரு?" என்றார்.

பாண்டுரங்கன் முன்னால் வந்தார். "நாங்கல்லாம் சாட்சி சார். இந்த அஸ்வினி என் பேத்தி. என் கையில எத்தினி வாட்டி ரத்தம் எடுத்துக்கீது தெரியுமா? எறும்பு கடிச்சா மாரிகூட இல்ல."

ஊசி என்றால் தெருமுனையிலேயே நின்றுவிடுகிற ஆள் அவர்.

"எத்தனை வாட்டி?" என்றார் அதிகாரி.

"பத்து இருக்கும் சார்."

"எனக்குந்தான்" என்று நான் கையை நீட்டினேன். அப்புறம் ஆளாளுக்குச் சட்டைக் கையை மடக்கினார்கள். "என் ரத்தத்துல வஞ்சிர வாசனை அடிக்குதுன்னு பொண்ணுங்க சிரிச்சுதுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அதிகாரி சிரிக்கவில்லை.

எஸ்தர் படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தாள். "இல்ல சார். ஒருத்தர் மேலயும் ஊசி படல. இவங்க எனக்கோசரம் சொல்றாங்க."

"பத்தொன்பது பேரும் பொய் சொல்றாங்களாம்மா?"

அவள் எங்களைப் பார்த்தாள். ஏதோ தப்பாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. பாண்டுரங்கன்தான் திறந்தார். "பொய்யா? நாங்க இன்னாத்துக்கு சார் பொய் சொல்லணும்?"

கூட வந்த பெண் அதை எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அஸ்வினிதான் எனக்குப் படித்துக் காட்டினாள். அங்கீகாரம் இல்லாமலே பொதுமக்கள் மேல் ஊசி போட்டுப் பழக்கியதாகத் தெரிகிறது. அது உண்மை இல்லை என்றால், சொன்ன அத்தனை பேரும் தாங்கள் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டு முப்பது நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, மூன்று வருஷத்துக்கு மறுபடி கேட்க முடியாது.

நான் அப்படியே பாண்டுரங்கன் வீட்டுக்குப் போனேன். வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் கைநாட்டு வெக்கிறேன். நீயும் கையெழுத்து போடு, மத்தவங்க போட்டுடுவாங்க" என்றேன்.

"அண்ணி, வூட்டுப் பட்டாவுக்கு மனு குடுத்துக்கீறோமே, அதுல யாரு யாரு கையெழுத்து கீது? இதே ஆளுங்கதான். நாப்பது வருசமா இங்கதான் கீறோம்னு சொல்லிக்கீறோம். இப்போ கவர்மெண்ட்டாண்ட பொய் சொன்னோம்னு நாமளே எழுதிக் குடுத்தா, அந்த மனுவ எவன் நம்புவான்? வூடு பூடும்."

ஆற்றங்கரை ஜனங்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டதை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள்.

"அப்போ அஸ்வினி வேல?" என்றேன்.

அவர் வலைக் கிழிசலில் ஒரு முடிச்சுப் போட்டார். உள்ளேயிருந்து அஸ்வினி வந்து நின்றாள். "வுட்டுடு ஆயா. வூடு இல்லாம வேலைக்கி எங்கேந்து போவேன்?" என்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

எஸ்தரிடம் போய், என் பேரையாவது எழுதி அனுப்பு என்று கெஞ்சினேன்.

"ஒன்னு பத்தாது அத்த. பத்தொம்போது வேணும்."

"நீ போய் பாண்டுரங்க மாமாவ ஒரு வார்த்த கேளுடி. நீ கேட்டா போடுவாரு."

"போடுவாரு. அதனாலதான் கேக்கல."

முப்பதாவது நாள் அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள், ஸ்டிக்கர் ஒட்டினாள், வந்தாள். நான் அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சுவரில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் மூடியிருப்பாங்க" என்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, உலை வைத்தாள்.

அஸ்வினி இப்போது தி. நகரில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள், கால் வீங்கியிருக்கிறது. மற்ற ஐந்து பேரில் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பாண்டுரங்கன் எஸ்தர் வீட்டுப் பக்கம் போவதில்லை. நல்ல மீன் கிடைத்தால் மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்புவார். அவள் வாங்கிக் குழம்பு வைப்பாள்.

நான் போனால் "வா அத்த" என்று பாய் போடுகிறாள், தட்டு வைக்கிறாள். யார் அவர்களைக் கூட்டி வந்தது என்று இன்றுவரை என்னை அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்ல இரண்டு தடவை வாய் எடுத்தேன். "சாப்புடு, ஆறிப்பூடும்" என்றாள்.