மஞ்சள் இலைக்குச் சொன்ன காரணம்

இந்த நாட்டில் நாங்கள் ஏதும் பிழை செய்தால், பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இது இன்னும் பழகவில்லை. ஜேர்மனிக்கு வந்து இந்த மாடிவீட்டில் குடியேறிய புதிதில், கீழ்வீட்டு அம்மா வந்து பெல் அடித்தா. என்னுடைய பூச்சாடித் தண்ணீர் அவவின் படுக்கை விரிப்பில் சொட்டுகிறதாம். சொன்னா, "ஷோனன் டாக்" என்று நல்ல நாள் வாழ்த்தினா, போய்விட்டா. நான் கதவைப் பூட்டிவிட்டு, உடுப்பும் மாற்றாமல் கதிரையில் இருந்தேன். அடுத்ததாக ஆர் வருவினம் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பிள்ளைகளே, போன சனிக்கிழமையில் இருந்து என் மகள் மதுரா என்னோடு கதைக்கிறாள் இல்லை. அவளுக்குப் பத்து வயது. "அப்பா ஏன் பொய் சொன்னவர்?" என்று தாயிடம் கேட்கிறாள், என்னிடம் கேட்கிறாள் இல்லை. வாயால் சொல்ல வெளிக்கிட்டால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆனபடியால் எழுதுகிறேன். அவளைப்போல வெளியில் வளருகிற பிள்ளைகளும், ஊரில் சண்டைக்குள் இருக்கிற பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

எங்கள் பல்கனியில் மூன்று சாடியில் கொச்சிக்காய், அதுதான் மிளகாய், நிற்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் எங்கள் ஊர் திரியாயில் மிளகாய்த் தோட்டம் செய்தவன். இலையைப் பார்க்கிற விதத்தை உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். கீழ் இலைகள் எல்லாம் ஒரேமாதிரி வெளிறி மஞ்சளாகினால் பசளை, உரம் காணாது. மண் நசநசவென்று இருக்க இலை மஞ்சளாகினால் தண்ணீர் கூடிப்போயிற்று. கறுத்த புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் வந்தால் அது நோய். குருத்துச் சுருண்டால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பூச்சி இருக்கும். பூச்சி இல்லாமலும் சுருண்டு குறண்டினால் வைரஸ். இது ஒன்றும் இல்லாமல் விளிம்பு மட்டும் எரிந்திருந்தால், வெளியில் இருந்து ஏதோ செடியில் விழுகிறது.

எங்கள் செடிகளில் வெளிறிய புள்ளிகள் வந்தன. மேற்பக்கம் மட்டும், அதுவும் வெளியே நீட்டி நிற்கிற இலைகளில் மட்டும். மணந்து பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவன், குளோரின் மணம் தெரியாதா? மேல்வீட்டு மனிதர் சனிக்கிழமைகளில் தன்னுடைய பல்கனியைக் கழுவுகிறவர். அந்தத் தண்ணீர்தான்.

"மேல்வீட்டு ஆளிட்டைச் சொல்லுங்கோவன் அப்பா," என்றாள் மதுரா.

"அது பூச்சி, பிள்ளை."

"எங்கை பூச்சி? காட்டுங்கோ பாப்பம்."

நான் இலையைத் திருப்பினேன், அடிப்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

மதுரா, நீ பிறக்க முந்தி நாங்கள் சண்டைக்குப் பயந்து திரியாயை விட்டு ஓடிவந்து அன்புவழிபுரத்தில் என் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தோம். தோட்டம் செய்ய நிலமில்லை. பெயின்ற் வாளி, ஓட்டைப் பேசின், மாத் தகரம் என்று கிடைத்ததில் எல்லாம் மண் நிரப்பிக் கொச்சிக்காய் வைத்தேன். இரண்டு குடும்பத்துக் கறிக்கும் அதுதான் உறைப்பு. எங்கள் ஒழுங்கைத் தெருவின் முகப்பில் ஆமியின் சென்ரி, ஒரு காவலரண், இருந்தது. வேலிக்குப் பின்னால் ஒன்றும் மறைவாக இருக்கக்கூடாது என்று அவர்கள் சொன்னபடியால், சாடிகளைத் தெருவோரமாக வரிசையில் வைத்திருந்தோம்.

முதலில் சென்ரிக்குக் கிட்ட நின்ற வாளிச் செடி மஞ்சளாகியது. பிறகு அடுத்தது. விளிம்பு எரிந்து, மண்ணில் வெள்ளையாய் உப்புப் பூத்து, கிட்டப் போனால் மூக்கைப் பொத்தவேண்டும். பொழுதுபட்டால் காவலுக்கு நிற்கிற பெடியன் எங்கே வந்து ஒன்றுக்கு இருக்கிறான் என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஆனால் பார்க்க வந்த ஒவ்வொருவரும் செடிக்கு ஒவ்வொரு நோய், ஒவ்வொரு வருத்தம் சொன்னார்கள். முன்வீட்டுப் பென்சன்காரர் வாளிக்கு முன்னால் குந்தியிருந்து, சென்ரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "தண்ணி கூடிப்போச்சுது," என்றார். அக்கா கண்ணூறு என்றா. கிண்ணியாவில் இருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற முஸ்லிம் நானா மூக்கைச் சுளித்துவிட்டு, "கடல் உப்புக் காத்து, தம்பி," என்றார். நானும் தலையாட்டினேன்.

அப்படி இருக்கத்தான் புதிய கோப்ரல் ஒருவன் சென்ரிக்கு வந்தான். தமிழ் ஓரளவு கதைப்பான். ஒருநாள் காலை எங்கள் வரிசைக்கு முன்னால் நின்று ஓர் இலையைப் பிடித்துத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். பிள்ளைகளே, தோட்டக்காரன் மட்டும்தான் அப்படிப் பார்ப்பான். "எங்க அப்பாவுக்கும் மிளகாய்த் தோட்டம்," என்றான். எனக்கு மனம் இளகிவிட்டது.

"இது வைரஸ். எல்லாம் பிடுங்கி எரிக்க வேணும்," என்றான்.

எல்லாம் என்றதும் எனக்கு அவன் தோளில் தொங்கின துவக்கு மறந்துபோயிற்று. செடிதான் தெரிந்தது. "இல்லை சேர். வைரஸ் எண்டால் குருத்துச் சுருளும். குருத்தைப் பாருங்கோ, நல்லாய் நிக்குது. விளிம்புதான் எரிஞ்சிருக்கு. செடியிலை ஒரு வருத்தமும் இல்லை. ஆரோ இதுக்குள்ளை ஒண்டுக்கு இருக்கினம்."

"யார்?"

என் கண் சென்ரிப் பக்கம் போய்விட்டது.

அவன் குருத்தை ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்த்தான். நான் சொன்னது சரி என்று அவனுக்கு விளங்கியது. அவன் சிரித்து, என் முதுகில் தட்டினான். "கெட்டிக்காரன். அப்ப வருத்தம் இல்லை. காய் நல்லம்தானே? சாப்பிடு."

வாளிச் செடியில் தொடங்கினேன். கோப்ரல் கழுவ விடவில்லை. அக்கா செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தா, துவக்கை நீட்டி அவவை வாசலில் நிற்பாட்டினான். ஒழுங்கையில் ஒவ்வொரு யன்னலாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. சென்ரிப் பெடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பழுத்தது, பச்சை, பிஞ்சு என்று வரிசையில் காய் முடியும்வரை தின்றேன். வாயால் வீணீர் வடிய நின்ற என்னிடம் கோப்ரல் திரும்பவும் கேட்டான்.

"இப்ப சொல்லு. என்ன வருத்தம்?"

"வைரஸ், சேர்."

"வைரஸ் எண்டா என்ன செய்யணும்?"

"பிடுங்க வேணும்."

"பிடுங்கு."

என்னுடைய கையாலேயே எல்லாவற்றையும் பிடுங்கினேன். நெருப்பும் நான்தான் வைத்தேன். அடுத்தநாள் பென்சன்காரர் வெறும் வாளிகளைப் பார்த்து, "நான் அண்டைக்கே நினைச்சனான், வைரஸ்தான் எண்டு," என்றார். மீன்கார நானா மட்டும் என் வீங்கின உதட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் உப்புக் காத்து எண்டு சொல்லக்குள்ள விட்டிருந்தா, உப்புக் காத்தோட போயிருக்கும் தம்பி."

இனிப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மதுரா என்னைக் கேட்காமலே மேலே போய் பெல் அடித்துவிட்டாள். அந்த மனிதர் அவளோடு இறங்கி வந்தார். கதவு நிறைந்த உயரம். அவர் வாய் திறக்க முன்னம் நான் முந்திக்கொண்டேன். "வீரூஸ்," என்றேன். டொச்சிலும், இந்த நாட்டுப் பாஷையிலும், அதே சொல்தான். தண்ணீர் இல்லை, நீங்கள் இல்லை, வீரூஸ் என்று எனக்குத் தெரிந்த டொச்சில் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் நல்ல மனிதர், நம்பிவிட்டார். முகத்தில் கவலை வந்தது. தன்னுடைய தக்காளிக்கும் தொற்றும், பிடுங்கி எறிவதுதான் நல்லது என்றார். எனக்கு உதவி செய்யவென்று மேலே போய்க் கறுப்புப் பை ஒன்று எடுத்துவந்து, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கை தானாகப் போய் முதற் செடியின் அடித்தண்டைப் பிடித்தது.

மதுரா சாடியைக் கட்டிப்பிடித்தாள். "அப்பா பொய் சொல்கிறார்," என்று டொச்சில் கத்தினாள். நான் பழக்கிய மாதிரியே இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டி, பிறகு மேற்பக்கத்தைக் காட்டி, மணந்து பார்க்கச் சொன்னாள். அவர் மணந்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ட்ஷுல்டிகுங்," என்று மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினார். மண் பிடித்த கையை நான் கொடுத்தேன். அவர் வெறும் பையோடு படியேறிப் போனார். அவ்வளவுதான். கோப்ரலுக்கு முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. மதுரா அதைப் பார்க்கவில்லை. சாடியோடு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு ரெலிபோனில் கதைத்தபோது இதைச் சொன்னேன்.

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை, அக்கா."

"அடிக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப இனித்தான் வருவான். கவனமாய் இரு, தம்பி."

அவ அதே வாளிகளில் திரும்பவும் கொச்சிக்காய் வைத்திருக்கிறா, அதே வரிசையில். காய்க்கிறதாம், நன்றாகக் கழுவித்தான் சமைக்கிறாவாம். இலை மஞ்சளோ என்று கேட்டேன்.

"கொஞ்சம். உப்புக் காத்து," என்றா.

இன்றைக்குத் திரும்பவும் சனிக்கிழமை. மேலே வாளி வைக்கிற சத்தம் கேட்டதும் நான் எழும்பிச் சாடிகளை உள்ளே எடுத்தேன். மதுரா வந்து திரும்ப வெளியே வைத்தாள். நான் எடுத்தேன். அவள் வைத்தாள். மேலே இருந்து ஒரு சொட்டும் விழவில்லை. கடைசியில் மூன்று சாடியும் பல்கனிக் கதவின் நிலைப்படியில் நின்றன, இலை பாதி வெளியே, பாதி உள்ளே. இனிக் கதவைச் சாத்த ஏலாது. வீட்டுக்குள் குளிர் வந்துகொண்டிருக்கிறது. நான் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.