ஒன்றாம் எண்ணுக்குக் குரல் கொடுத்தவள்

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தது நான் ஒருத்திதான். ஆனால் என் எண் இரண்டு.

எண் ஒன்று அக்கா. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்த வருஷம், மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் செத்துப்போனாள். ஜுரத்தோடு வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அப்பா கடைசிவரை நம்பினார். அதனால் என்னை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. "இன்னா சார், பொண்ண ஊட்லயே வெச்சிகினு கீறீங்க?" என்று பால்காரம்மா கேட்டால், "நானே சொல்லிக் குடுக்கறேன்" என்பார்.

வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, அப்பா வருகைப் பதிவேட்டைத் திறப்பார். "ஒன்று." பதில் வராது. எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்கிறீர்கள்! சமையலறையில் அம்மாகூடக் கரண்டியை அசைக்க மாட்டாள். பிறகு ஒரு சுழி போட்டுவிட்டு, "இரண்டு" என்பார். "உள்ளேன் ஐயா" என்பேன். பெற்ற அப்பனுக்கே உள்ளேன் ஐயா சொன்ன பிள்ளை நான்.

எனக்கோ சீருடை போட்டுக்கொண்டு, நாலு பெண்களோடு சண்டை பிடித்துக்கொண்டு, ஒரு நிஜமான பள்ளிக்குப் போக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதிப் பாஸ் செய்தால் ஒன்பதாவதில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். மனு வாங்குவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்.

பதினோரு வயதில் ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் "ஒன்று" என்றதும், பாதி விளையாட்டும் பாதி எரிச்சலுமாக, நானே மெல்லிய குரலில் "உள்ளேன் ஐயா" என்றேன்.

அப்பா தலை தூக்கவில்லை. டிக் போட்டார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இரண்டாம் எண்ணைக் கூப்பிடவே இல்லை.

மறுநாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா காத்திருந்தார். தெருவிளக்கு எரிந்த பிறகும் காத்திருந்தார். அம்மா வந்து என் தோளைத் தொட்டு, "சொல்லிடும்மா. அவரு இன்னும் காப்பிகூடக் குடிக்கல" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு தினமும் சொன்னேன்.

அந்த வாரமே மனு வந்துவிட்டது. அதில் அக்காவின் பெயர், அக்கா பிறந்த தேதி.

"அப்பா, இது அக்காவோடது."

"ஒன் வயசுக்கு எழுத விடமாட்டாங்கம்மா. அவளுக்குன்னா வயசு சரியா இருக்கு" என்றார், அக்கா உள்ளறையில் படித்துக்கொண்டிருப்பது போல.

பள்ளிக்கூட ஆசை யாரை விட்டது? அக்கா பெயரில் கையெழுத்துப் போட்டேன். பாஸ் செய்தேன். ஒன்பதாவதிலும் அதே பெயரில் சேர்ந்தேன். சீருடை, சண்டை எல்லாம் கிடைத்தது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பா விடியற்காலையிலேயே தனியாகப் போய் அக்காவின் சிலுவைக்கு வெள்ளையடித்து, கறுப்புப் பெயின்ட்டில் பெயரை எழுதிவிட்டு வந்திருந்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை.

அவர் எழுதியிருந்தது என் பெயரை.

அம்மா அதைப் படித்தாள். பிறகு என் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்து, அக்காவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சிக்கு ஏத்திட்டு வாம்மா" என்றாள்.