கடைசியில் வரும் நாய்

நம்ப மனமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் மார்த்தாண்டத்தில் ரெஜிலா வீட்டுச் சுவரில் மில்கியின் சங்கிலி தொங்குகிறது, நாய் இல்லை. நடந்தது நடந்ததுதான்.

மில்கி ராஜபாளையம் நாய். பால் வெள்ளை. பிறவியிலேயே காது கேட்காது. அந்த இனத்தில் சில குட்டிகள் அப்படிப் பிறக்கும், யாரும் சீந்த மாட்டார்கள். ரெஜிலா வாங்கி வளர்த்தாள். புருஷன் கத்தாரில். வீட்டில் பேச்சுத்துணை என்றால் இந்தப் பேசாத துணைதான். அவள் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினால் ஓடி வரும். வேறு யார் தொட்டாலும் உறுமும்.

அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் ஜாஸ்மியிடமும் ஒரு ராஜபாளையம் உண்டு. அந்த இனத்தை வளர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர், சனிக்கிழமைதோறும் பேச்சிப்பாறை அணைப்பக்கம் நாய்களோடு நடப்பார்கள்.

"மில்கியைக் கூட்டிட்டு வா, ஏட்டி. தனியா கெடந்து என்ன செய்யப் போற?"

செவிட்டு நாய் என்று சிரித்தவர்களையே பார்த்துப் பழகிய ரெஜிலாவுக்கு, ஒருத்தி கூப்பிட்டதே பெரிய சந்தோஷம்.

மழை விட்ட காலை. ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், மறுபக்கம் தண்ணீர். வரிசையை எபிசன் ஒழுங்கு செய்தார். அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர்.

"புது நாய் கடைசியில வரணும். முன்னால விட்டா மத்ததுவ கடிச்சுப்போடும்."

நாய் வளர்ப்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். ரெஜிலாவும் தலையாட்டினாள். அவளுக்கு முன்னால் ஜாஸ்மி.

கொஞ்ச தூரம் போனதும் என்னவோ உறுத்தியது. யாரும் பேசவில்லை. எல்லாரும் சங்கிலியைக் கையில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை...

பின்னாலிருந்து ஒரு விசில்.

முன்னால் போன நாய்கள் அத்தனையும் நடுங்கின. மில்கி மட்டும் புல்லை மோந்தபடி நடந்தது.

"யாரு ஜாஸ்மி அது?"

"நட. திரும்பாத."

மறுபடி விசில். இப்போது பக்கத்தில்...

மில்கியின் காது நிமிர்ந்தது.

பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் அறியாத நாய். மெல்லத் திரும்பி வாலாட்டியது.

ரெஜிலாவும் திரும்பினாள். பாதையில் யாருமில்லை.

"ஜாஸ்மி, நில்லு..."

ஜாஸ்மி ஓடினாள். எல்லாரும் ஓடினார்கள்.

மில்கி கழுத்து பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு போனது. வெறும் பாதையில் உட்கார்ந்து முன்னங்காலை நீட்டியது. யாரோ பிடித்திருப்பது போல அந்தக் கால் அப்படியே நின்றது.

ரெஜிலா நெஞ்சில் கை வைத்தாள். திரும்பத் திரும்ப வைத்தாள்.

மில்கி அவளைப் பார்த்து உறுமியது.

பிறகு தண்ணீரில் இறங்கியது.

சளக்... சளக்...

பக்கத்தில் இன்னொரு சளக்.

வெள்ளைத் தலை மறைந்தது.

வலை போட்டும் கிடைக்கவில்லை. நாய்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அன்றே அவளை நீக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை ஜாஸ்மியைப் பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்து நிறுத்தினாள்.

தரையைப் பார்த்தபடி ஜாஸ்மி எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷம் சிவபிரசாத் என்று ஒருவர் இதே வரிசையில் கடைசியாக வந்தார். தண்ணீரில் விழுந்த தன் நாயை எடுக்க இறங்கியவர், விசிலடித்து ஆள் கூப்பிட்டிருக்கிறார். விளையாட்டு என்று நினைத்து யாரும் திரும்பவில்லை; அவர் மூழ்கிப்போனார். அதன்பிறகு நடக்கப் போனால் விசில் கடைசி நாயைக் கூப்பிட்டது. அப்படி இரண்டு நாய் போயாயிற்று. போகாமல் இருந்தால் ராத்திரி வீட்டு கேட்டுக்கே வந்தது. அதனால் வரிசையின் கடைசியில் நடக்க ஆளுக்கொரு வாரம் முறை வைத்தார்கள். இந்த வாரம் ஜாஸ்மியின் முறை.

"மில்கிக்குக் காது கேக்காதுல்லா... ஒண்ணும் ஆகாதுன்னு எபிசன் அண்ணன் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

ஜாஸ்மி நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர்கூட இல்லை.

"ரெண்டு நாளா எங்க கேட்டுல விசில் இல்ல, மக்கா. நல்லா உறங்கினேன்."