சேர்ந்து ஓடாத காலைகள்

தூரத்திலிருந்து பந்தை வளையத்துக்குள் போடுவதில் எங்கள் கல்லூரி அணியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அதை அதிகம் சொன்னவள் என் தோழி. இருவருக்கும் ஊர் கொட்டாரம். நான் களைத்தால் எனக்குப் பதிலாக இறங்க வேண்டியவள் அவள். ஆனால் நான் களைக்கவே மாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

“பந்தை எறியதுதான் கை. தூக்கதெல்லாம் காலு. காலையில ஓடுங்க” என்றார் பயிற்சியாளர். மறுநாள் விடியும்போது அவளைப் போனில் கூப்பிட்டேன்.

“ஒறக்கம் வருது மக்கா. உனக்கு எதுக்குட்டி ஓட்டம்? உன் கையே போதும்லா” என்றாள்.

சந்தோஷமாகப் போர்வையை இழுத்துக்கொண்டேன். அதன்பின் ஓட்டத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. பயிற்சியாளர் கேட்டால், “ஓடுதோம் சார்” என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள்.

இறுதிப் போட்டி மார்த்தாண்டத்தில் நடந்தது. முதல் பாதியில் நான் எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு முட்டிக்குக் கீழே கல்லைக் கட்டியதுபோல் இருந்தது. குதித்தால் உடம்பு எழும்பவில்லை. பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. தோளால் உந்தி எறிந்தேன், பக்கவாட்டில் போனது. என்னை வெளியே கூப்பிட்டு அவளை இறக்கினார்கள்.

அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. கடைசி நிமிடத்திலும் முதல் நிமிடம்போலக் குதித்தாள். அவள் போட்ட பந்தில்தான் ஜெயித்தோம். முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது நான்தான்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த அவள் அம்மா தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

“ஏன் மக்ளே உனக்கு மட்டும் இப்பிடி இரைக்குது? தெனமும் வட்டக்கோட்டை வரைக்கும் ரெண்டுபேரும் சேந்துதானே ஓடுதிய?”

திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா நகர்ந்ததும் கேட்டேன். “ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீயும் ஓடியிருப்ப. பிறகு நான் எப்ப எறங்கதுக்கு?”

குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைப் புகழ்ந்த ஒவ்வொரு நாளும் காலையில் அவள் வட்டக்கோட்டைக் கடற்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு நான் தனியாக, வயல் பக்கச் சாலையில் ஓடத் தொடங்கினேன். சில மாதங்களில் ஆட்டத்தின் கடைசியிலும் பந்து வளையத்துக்குள் விழுந்தது. அடுத்த ஆண்டு இருவரையும் சேர்த்தே இறக்கினார்கள். மறிக்க ஆளில்லாமல் அவள் தனியாக நின்றால் பந்தைக் கொடுப்பேன். அவள் போட்டதும் மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு அவளிடம் ஓடுவார்கள். நான் திரும்பி என் இடத்துக்குப் போய்விடுவேன்.