ரேகைக்காரர் படித்த நான்கு டயர்கள்

"டயரை ஒரு தடவு தடவினாப் போதும், ஓட்டுறவன் யாரு, எப்படிப்பட்டவன்னு புட்டுப் புட்டு வைப்பேன். வாயைத் திறந்து கேட்டேன்னா அன்னைக்கே கடையை மூடிடுறேன்!"

ஊரறிய இப்படி முழங்கியவர் ஒரு டயர் கடைக்காரர். தேய்ந்த ரப்பரைக் கைரேகை மாதிரி படிப்பதால் ரேகைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தேய்மானம் அளக்கிற கருவி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை அவர் காது குடையக்கூட எடுத்ததில்லை. "டயரைப் படிக்கிற மனுஷன் என் மூஞ்சியைப் படிச்சிருந்தா கெட்டுப்போன மிக்சி எப்பவோ சரியாகியிருக்கும்" என்பது மனைவியின் தனிக் குறை.

ஒரே மகள் தனக்குப் பிடித்த பையனைப் பற்றிச் சொன்னபோது ரேகைக்காரர் சம்பளம் கேட்கவில்லை, குடும்பம் விசாரிக்கவில்லை. "அவன் வண்டியைக் கொண்டாரச் சொல்லும்மா. டயர் சரின்னா கல்யாணமும் சரி" என்றார். மகளின் முகம் வெளிறியது. வெட்கம் என்று படித்துக்கொண்டார்.

மறுநாள் சாப்பிட்டுத் திரும்பியபோது கடை வாசலில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பக்கத்தில் மகளும் பையனும். பையன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கார், அவன் சித்தப்பா அவனுக்கு விட்டுப்போனது. ஆறடி உயரம். அவ்வளவு வளர்ந்ததற்கு யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு கூனல்.

வண்டியை உள்ளே விடுவதற்காக ரேகைக்காரர் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. சீட்டைப் பின்னால் தள்ளும் பிடியைத் தேடினார், அகப்படவில்லை. வேகக்காரர்கள் இப்படித்தான் மடங்கி உட்காருவார்கள் போல என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஜாக்கி போட்டுத் தூக்கித் தடவினார். பின் டயர் இரண்டும் மொட்டை; உள்ளிருந்து நூல் எட்டிப் பார்த்தது. முன் டயர்களின் வெளி ஓரத்தை யாரோ சீவிவிட்டதுபோல் இருந்தது. சிக்னல் மாறுமுன் சீறிப் பாய்கிறவன், வளைவில் பிரேக்கை மதிக்காதவன். ரேகை அப்பட்டமாகச் சொன்னது.

திரும்பிப் பார்த்தார். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுவதற்குப் பையன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேகைக்காரருக்குத் தலை சுற்றியது. கேட்கவும் முடியாது, சபதம் இருக்கிறதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி தடவினார். ரேகையில் அதே பேய் ஓட்டம். வழக்கம்போல் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாமா என்று பார்த்தால், பின்னது அகலம், முன்னது ஒடுக்கம், ஒத்துவரவில்லை. முன்னே ஓர் ஆள், பின்னே ஓர் ஆள். ஆஹா, இதுதான் விஷயம்!

"தம்பி, நீங்க பார்க்கத்தான் பசு. உள்ளே இருக்கிறது வேற. என் பொண்ணுக்கு நானே வண்டி கத்துக்கொடுத்தேன். எறும்பு குறுக்கே போனாக்கூட நிறுத்துவா. இது சரிப்படாது."

பையன் தலைகுனிந்தான். "சரிங்க. தப்பு என்னுதுதான்."

மகள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணாலேயே தடுத்தான்.

கல்யாணம் வேறு, தொழில் வேறு. நான்கு புது டயர்களையும் மாட்டிய ரேகைக்காரர், "கொஞ்ச நாளைக்கு வழுக்கும், பொறுமையாப் போங்க" என்று சாவியை நீட்டினார்.

அந்தக் கலக்கத்தில் பையன் சாவியை வாங்கி, பழக்கதோஷத்தில் மகள் கையில் கொடுத்துவிட்டு, மறுபக்கம் போய் உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

மகள் வேறு வழியில்லாமல் ஏறினாள். சீட்டை நகர்த்தவே இல்லை. அவள் காலுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ரேகைக்காரர் சீட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கைப்பிடியில் வெளுத்திருந்த விரல்களைப் பார்த்தார்.

"அப்பா... வளைவுல மட்டும் கொஞ்சம்..."

"கொஞ்சமா? நூல் தெரியுதுடி!"

பிறகு சுற்றிப் போய், பையன் பக்க ஜன்னலில் குனிந்தார். "பெல்ட்டை நல்லா இழுத்து மாட்டிக்குங்க, மாப்பிள்ளை."

வண்டி கிளம்பியது. தெருமுனையில் புது டயர்கள் கிறீச்சிட்டது கடைவரை கேட்டது.

அதற்குள் ஒருவர் தேய்ந்த டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "எங்கே, இதைப் படிங்க பார்ப்போம்!"

கை தானாகப் போனது. பாதி வழியில் நின்றது. ரேகைக்காரர் இழுப்பறையைத் திறந்து, கருவியின் மேலிருந்த தூசியை ஊதினார்.

"யாரு ஓட்டுறா?" என்று மெல்லக் கேட்டார்.